கோட்டையோடு நின்றுபோன கூட்டாட்சி

உத்திரமேரூரை எல்லாத் தலைவர்களுக்கும் பிடிக்கும். இதில் கட்சி வேறுபாடே கிடையாது. ஜனநாயகம் என்று ஒருவர் மேடையில் ஆரம்பித்தால் அடுத்த மூச்சில் குடவோலை வந்து விழும். பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன், கோயில் சுவரில் தேர்தல் விதிகள், குடத்துக்குள் ஓலை என்று அடுக்கி முடிக்கும்போது கைதட்டல் எழும். பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தக் குடத்துப் பக்கமே வரக்கூடாது என்று அதே சுவரில் வெட்டியிருப்பதை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. வாசித்தால் மேடையில் பாதி நாற்காலி காலியாகிவிடும். சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களின் பெயர் மட்டுமே ஓலையில் ஏறியது என்பதையும் சொல்வதில்லை. அது வேறு சங்கடம்.

2020 டிசம்பர் 10 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடியும் உத்திரமேரூரைப் புகழ்ந்தார். தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சு விம்மியது. அன்றைய தேதியில் உத்திரமேரூர் பேரூராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பழைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துபோனது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓலை போட்ட ஊருக்கு ஓட்டுப் போடக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் உலகத்துக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். டெல்லிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சென்னைக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாமியாரிடம் பட்ட பாட்டையெல்லாம் தெருவே கேட்க அழுத மருமகள், தனக்கொரு மருமகள் வந்ததும் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். தமிழ்நாட்டு அரசுக்கும் அதன் ஊராட்சிகளுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான். எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் இடுப்பு மாறியதே தவிர, சாவிக்கொத்து இறங்கியதில்லை.

முதலில் மாமியார் கதையைப் பேசிவிடலாம், அது பொய்யில்லை. 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் டெல்லி எடுத்த கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைக் கலால் எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மீதி அத்தனையும் செஸ், கூடுதல் வரி என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டது. அந்தப் பெயர் சூட்டினால் போதும், மாநிலங்கள் பங்கு கேட்க முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு சொன்ன 41 விழுக்காட்டை அந்த 1.40இல் கணக்குப் போடுங்கள். 57 காசு. இந்தியாவின் எல்லா மாநிலங்களும் வரிசையில் நின்று பிரித்துக்கொள்ள வேண்டிய 57 காசு. இதற்குப் பெயர் கூட்டுறவுக் கூட்டாட்சி. வழிப்பறிக்காரன்கூட பஸ் செலவுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டுப் போவான்.

காசு மட்டுமா? கல்வியும் காடும் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இன் 42ஆவது திருத்தத்தில், மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கடத்தப்பட்டன. நெருக்கடிநிலை போய்விட்டது, கடத்திய பொருள் திரும்பவில்லை. நெருக்கடிநிலையைத் திட்டியே ஆட்சிக்கு வந்தவர்களாலும் அதை மட்டும் திருப்பித் தர முடியவில்லை. தேசியக் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததற்காக, 2024-25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் கிண்டியில் ஆளுநர் மாளிகையில் உறங்கின. 2020 ஜனவரியில் போனதும் அவற்றில் உண்டு. 2019இல் ஜம்மு காஷ்மீர் என்கிற ஒரு மாநிலமே காலையில் எழுந்து பார்த்தபோது யூனியன் பிரதேசங்களாக உடைந்து கிடந்தது. சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டு, டெல்லி அனுப்பிய ஆளுநரின் சம்மதத்தையே அந்த மக்களின் சம்மதமாக எழுதிக்கொண்டார்கள். தன்னிடமே தான் அனுமதி கேட்டு, தானே தலையாட்டிக்கொண்ட பெருந்தன்மை அது.

இதற்கெல்லாம் கோபப்படாதவன் சோற்றில் உப்புப் போட்டுத் தின்பவன் இல்லை. தமிழ்நாடு கோபப்பட்டது. ஒன்றிய மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை 1969இல் அமைத்தது. 1971இல் அறிக்கை வாங்கியது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அப்போது அத்தனை தெளிவாகப் பேசவில்லை. அதில் பெருமைப்பட இடம் உண்டு.

அந்தப் பெருமையோடு காலண்டரைச் சில மாதங்கள் பின்னால் புரட்டுங்கள். 1973. மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் வெளிவந்ததைக் காரணம் காட்டி, சென்னை மாநகராட்சி மன்றத்தை அதே மாநில அரசு ஓரங்கட்டியது. ஊழல் நடந்ததா என்றால் நடந்தது. ஊழல் செய்தவனைப் பிடிப்பதற்குப் பதில் ஓட்டுப் போட்டவனின் உரிமையைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். எவ்வளவு காலம்? 1996 வரை. 1688இல் தொடங்கிய, நாட்டிலேயே மூத்த மாநகராட்சிக்கு 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் இல்லை. இதற்கிடையே திமுக போனது, எம்ஜிஆர் வந்தார், ஜெயலலிதா வந்தார், நடுநடுவே குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்து போனது. ரிப்பன் மாளிகையில் மட்டும் அதிகாரி ஆட்சி அசையாமல் இருந்தது. உள்ளாட்சி வேண்டும் என்று 1882இல் தீர்மானம் போட்ட வெள்ளைக்கார வைஸ்ராயின் பெயர் அந்தக் கட்டடத்துக்கு. நம்மைச் சுரண்ட வந்தவன் கொடுக்க நினைத்ததை, நம்மைக் காக்க வந்தவர்கள் பூட்டி வைத்தார்கள்.

1976 ஜனவரியில் டெல்லி அரசியலமைப்பின் 356ஆவது பிரிவை எடுத்து கருணாநிதி அரசைக் கலைத்தபோது ஜனநாயகப் படுகொலை என்றோம். சரியான சொல். சென்னை மாநகராட்சிக்கு நடந்ததற்கு என்ன பெயர் வைத்தோம்? பெயரே வைக்கவில்லை. அது நிர்வாக ஏற்பாடாம்.

அந்த 23 ஆண்டில் மாநில அரசு சும்மா இருக்கவில்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தனி வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டமிடலுக்கு ஒரு குழுமம். குடிசைப் பகுதிக்கு முன்பே ஒரு வாரியம் இருந்தது. பிறகு 74ஆவது திருத்தம் வந்து, குடிநீர், நகரத் திட்டமிடல், குடிசை மேம்பாடு எல்லாம் மாநகராட்சிக்கு உரியவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியல் போட்டது. பட்டியல் அட்டவணையில் இருக்கிறது. வேலை வாரியத்தில் இருக்கிறது. மேயரிடம் அங்கியும் சங்கிலியும் இருக்கின்றன. அந்த மேயரையாவது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதில் 1996இல் ஒரு சட்டம், 2006இல் மாற்றம், 2011இல் மறுபடி, 2016இல் மறுபடி, 2018இல் மறுபடி, 2019இல் அவசரச் சட்டம். எந்த முறையில் தன் கட்சி ஜெயிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்குச் சட்டத் திருத்தம் என்று பெயர்.

கிராமத்துக்கு வருவோம். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினொன்றாம் அட்டவணையில் 29 துறைகள்: விவசாயம், சிறு பாசனம், குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம், ரேஷன் என்று நீள்கிறது. படித்தால் ஊராட்சித் தலைவர் ஒரு குட்டி முதலமைச்சர் போலத் தெரிவார். ஆனால் இதில் எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சாவிக்கொத்துக்காரியிடமே நியாயம் கேட்கச் சொன்ன கதை. தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவரின் நிஜ சாம்ராஜ்யம் தெருவிளக்கு பல்பு, மோட்டார் ரிப்பேர், குப்பை, பிளீச்சிங் பவுடர். ஊரில் உள்ள பள்ளிக்கு வாத்தியார் வரவில்லை என்றால் அவர் மனு எழுதலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லையென்றால் அதற்கும் மனு. மனு எழுத எதற்குத் தேர்தல் என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு ஆளுநரும் அவருக்கு உண்டு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பெயரில் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205: ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை ஆட்சியர் விளக்கம் கேட்டு, தாசில்தார் மூலம் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, பதவியிலிருந்து நீக்கலாம். கருத்துக் கேட்பார், முடிவு அவருடையது. நியமிக்கப்பட்ட ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரை நீக்குவதா என்று ஆளுநரைப் பார்த்து தொண்டை வறளக் கத்தியவர்கள்தான் இந்தப் பிரிவை முப்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறார்கள். மாநிலங்களுக்கு 356இலிருந்து கொஞ்சமாவது மூச்சுவிட 1994இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு கிடைத்தது. ஊராட்சித் தலைவருக்கு? மேல்முறையீடு செய்யலாம். மாநில அரசிடம்.

மாநில எல்லையை மாற்ற மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை, கருத்துக் கேட்டால் போதும் என்று அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவு சொல்கிறது. அராஜகம் என்கிறோம். சரி. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும், எங்களை விட்டுவிடுங்கள் என்று ஊர் ஊராக ஜனங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நின்றார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று பதில். டெல்லியும் காஷ்மீரிகளிடம் இந்த அளவுக்காவது மரியாதை காட்டியிருக்கலாம்.

கிராம சபை விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன. ஏலம் விட்டது டெல்லி. ஆகவே கிராம சபைத் தீர்மானம் மக்களின் குரலாயிற்று, மண்ணின் மானமாயிற்று. டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் டெல்லி ஏலத்தை ரத்து செய்தது. நல்லது, சுரங்கம் வராதது பெரிய வெற்றி. அதே காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரமும் கிராம சபையில் தீர்மானம் போட்டது. ஒருமுறை இரண்டுமுறை இல்லை, திரும்பத் திரும்ப. பரந்தூர் விமான நிலையம் எங்கள் வயலையும் ஏரியையும் தின்றுவிடும், வேண்டாம் என்று. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சென்னை. ஒப்புதல் கொடுத்தது டெல்லி. இங்கே மட்டும் ஒன்றிய மாநில உறவு தேனும் பாலுமாக ஓடுகிறது. ஆளுநர் தடுக்கவில்லை, நிதி நிற்கவில்லை, சுயாட்சிக்கு இழுக்கு வரவில்லை. ஏகனாபுரத்தின் தீர்மானங்கள் எந்தக் கோப்பில் கிடக்கின்றனவோ. டெல்லியை எதிர்த்தால் கிராம சபை; கோட்டையை எதிர்த்தால் சில விஷமிகள்.

இதைச் சொன்னால் கோட்டையில் ஒரு பதில் தயாராக இருக்கும். ஊராட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் ஊர்ப் பெரிய சாதி அதைப் பிடுங்கிக்கொள்ளும், அம்பேத்கரே கிராமத்தை நம்பவில்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, லேசான உண்மையில்லை. மேலவளவில் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவரானதற்காக 1997இல் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்தாண்டுகள் தேர்தலே நடத்தவிடவில்லை. சுதந்திர தினத்தில் தலித் தலைவர்களைக் கொடியேற்ற விடுங்கள் என்று 2022இல் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டிய நிலை இருந்தது. இந்தச் சாதி வெறியைக் காரணம் காட்டித் தலைவரின் அதிகாரத்தைப் பிடுங்கினால், யாருடைய அதிகாரம் போகிறது? தனித்தொகுதியில் ஜெயித்து, நாற்காலியில் உட்கார்வதற்கே போராடுகிற அந்த தலித் தலைவருடையதும், அந்தப் பெண் தலைவருடையதும்தான். ஊர்ப் பெரிய மனிதருக்கு ஊராட்சி தேவையில்லை. அவருக்கு எம்எல்ஏ தெரியும், பிடிஓ தெரியும், காண்ட்ராக்டர் மச்சான். பாப்பாபட்டியில் 2006இல் தேர்தல் நடந்தது. அரசு மனம் வைத்தது, நடந்தது. மற்ற நேரத்தில் மனம் எங்கே போகிறது?

பக்கத்து வீட்டைக் காட்டிப் பேசினால் நமக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். கேரளம் 1996இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று எடுத்து வைத்தது. 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல், கொரோனா ஆண்டான 2020 உட்பட. நமக்கு அதே 2020இல் காந்தி ஜெயந்தி கிராம சபையைக்கூட நடத்த முடியவில்லை. கொரோனாவைக் காட்டிக் கடைசி நேரத்தில் அதிமுக அரசு ரத்து செய்தது. டாஸ்மாக் கடைக்கு மட்டும் கொரோனா அந்த அளவுக்குப் பயம் காட்டவில்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசுதான் திரும்பி வருகிறது என்று டெல்லியைக் கேட்கிறோம். மாநிலம் தன் சொந்த வரி வருவாயில் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்துக் கொடுப்பது சுமார் பத்து விழுக்காடு. இரண்டையும் ஒப்பிடக் கூடாது, கணக்கு முறையே வேறு என்று நிதித்துறை அதிகாரி விளக்குவார். டெல்லி அதிகாரியும் நம் அமைச்சரிடம் இப்படியேதான் விளக்குகிறார். அந்தப் பத்திலும் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்க் கட்டணம் என்று அரசு நிறுவனங்களுக்கே ஒரு பகுதி திரும்பிப் போகிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு நிதிக்குழு மானியம் கிடையாது என்பது விதி. 2016இல் பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று திமுக வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தேர்தலை நிறுத்தியது. வார்டு வரையறை, வழக்கு, அவகாசம் என்று அதிமுக அந்த நிறுத்தத்தை மூன்று ஆண்டுக்கு மேல் அனுபவித்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மயிலாடுதுறை பிரிந்ததும் அவை 28 ஆயின. அங்கே 9,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். அவற்றின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. காலம் முடியும் தேதி ஐந்து ஆண்டாகவே தெரியும். பூகம்பம் போல் திடீரென்று வந்த தேதி இல்லை அது. அரசு என்ன செய்தது? தனி அலுவலர்களை நியமிக்கச் சட்டத்தைத் திருத்தியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது தனி அலுவலர் ஆட்சியைக் கிழித்துத் தொங்கவிட்ட அதே திமுக.

கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலரானார். மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். சராசரியாக ஒருவர் தலையில் முப்பதுக்கு மேல். 2025 ஜனவரி 26 அன்று காலை இவர் முப்பது ஊரில் ஒரே நேரத்தில் கிராம சபைத் தலைமை ஏற்க வேண்டும். புராணத்தில் கிருஷ்ணனுக்கு மட்டும் கைகூடிய வித்தை. கூட்டப் பொருள் எப்படியும் சென்னையிலிருந்து அச்சாகி வருவதால், தலைவர் இல்லாத குறையை யாரும் பெரிதாக உணர்ந்திருக்க மாட்டார்கள் என்று கோட்டை நினைத்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து, 2025 ஏப்ரல் 8. ஆளுநர் முடக்கி வைத்த பத்து மசோதாக்கள் குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நியமிக்கப்பட்டவர் மிதிக்கக் கூடாது என்று தமிழ்நாடே கொண்டாடியது. அதே மாதம் 15ஆம் தேதி, மாநிலங்களின் உரிமையை மீட்பது குறித்து ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் உயர்நிலைக் குழு அறிவிக்கப்பட்டது. ராஜமன்னாருக்குப் பிறகு இவ்வளவு பெரிய முயற்சி இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. நானும் வரவேற்கிறேன், மனதார. அதிகாரத்தை மேலேயே குவித்து வைப்பது எவ்வளவு கெடுதல், கீழே இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்காக முடிவெடுப்பது எவ்வளவு அவமானம் என்று அந்தக் குழுவுக்கு அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லத் தகுதியானவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் குழு அறிவிக்கப்பட்ட அந்த நாளில், ஊராட்சித் தலைவர் என்று சீல் குத்தி ஒரு மனுவில் கையெழுத்துப் போட 28 மாவட்டங்களில் ஒருவர்கூடப் பதவியில் இல்லை.